பேட்டில்பாக்ஸ்: ஒரு போர்த் தலைமையகத்தைச் சரியான வரிசையில் பார்ப்பது எப்படி

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள், தரைக்குச் சுமார் 9 மீட்டர் கீழே, ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் இருக்கிறது பேட்டில்பாக்ஸ். 1930களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட இந்த நிலவறையில்தான் பிரிட்டனின் மலாயாப் படைத் தலைமையகம் தன் கடைசி நாட்களைக் கழித்தது. சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது என்ற முடிவும் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி காலை இங்கேதான் எடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு கைவிடப்பட்டுக் கதவடைத்துக் கிடந்த இடத்தை 1988இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். 1997இல் காட்சியகமாகத் திறந்தார்கள். இடையில் மூடி, 2016இல் திறந்து, பிறகு இன்னொரு முறை சீரமைத்து, 2024 முதல் நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடத்துகிறார்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்பதே எங்கள் மதிப்பீடு. சிங்கப்பூரில் பல்லாண்டு வாழ்பவர்களே இதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பது வருத்தம் தருகிறது. உள்ளே போகிறவர்களிலும் பெரும்பாலோர் சரணடைவு முடிவான அறையைத் தேடிப் போய், அங்கே வைத்திருக்கும் தளபதிகளின் உருவங்களைப் பார்த்து, பெயர்களைப் படித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த அறை முக்கியமானதுதான், ஆனால் அது கடைசி அறை. அதற்கு முன்னால் உள்ள சின்னச் சின்ன அறைகளில்தான் ஒரு போர்த் தலைமையகம் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதெல்லாம் இருக்கிறது. இந்த விமர்சனம் அந்த அறைகளைப் பற்றியது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள் உண்டு. பிரிட்டிஷ் முறையில் களத்தில் இருக்கும் ஒரு டிவிஷனோ, பல டிவிஷன்கள் சேர்ந்த கோரோ தன் தலைமையகத்தைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். வரைபடமும் தகவல் தொடர்பும் திட்டமிடும் அதிகாரிகளும் இருப்பது மெயின் தலைமையகம். சம்பளம், ஆள் மாற்றம், பொருள் வழங்கல், மருத்துவம், கடிதப் போக்குவரத்து ஆகியவை பின்னால் இருக்கும் ரியர் தலைமையகத்தில் நடக்கும். தளபதி ஒன்றிரண்டு அதிகாரிகளோடும் கம்பியில்லாத் தொடர்புக் கருவியோடும் முன்னால் போய் உட்கார்ந்தால் அது டாக், அதாவது டாக்டிகல் தலைமையகம். அமெரிக்கர்கள் களத்தில் தளபதி இருந்து ஆணையிடும் இடத்தைக் கமாண்ட் போஸ்ட் என்பார்கள். பெயர் எதுவானாலும் தேவை ஒன்றே. சண்டை நடக்கும் இடத்துக்குச் செய்தி உரிய நேரத்தில் வந்து போகும் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும், ஒரே பீரங்கிக் குண்டில் எல்லாமே அழிந்துவிடாத அளவுக்குத் தள்ளியும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் பிடிப்பதுதான் தலைமையகம் அமைப்பவரின் முதல் தலைவலி.

உள்ளே இருப்பவர்களை மூன்று எழுத்துகளால் பிரித்தார்கள். ஜி என்றால் போர் நடவடிக்கையும் உளவுத் தகவலும். ஏ என்றால் ஆட்கள். கியூ என்றால் உணவு, எரிபொருள், வெடிமருந்து, தங்குமிடம். பேட்டில்பாக்ஸில் ஜி பிரிவு எழுத்தர்களின் அறை என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். இது தெரியாமல் போனால் ‘ஏதோ ஆபீஸ் ரூம்’ என்று கடந்துவிடுவீர்கள். அந்த அறையில் தட்டச்சான தாள்கள்தான் குன்றுக்கு வெளியே ஆயிரக்கணக்கானோரை நகர்த்தின.

பேட்டில்பாக்ஸை முழுமையான களத் தலைமையகம் என்று சொல்ல முடியாது. நகரவே முடியாத, குண்டுக்கும் நச்சுவாயுவுக்கும் தாங்கும்படி கட்டிய நிலையான கட்டுமானம் இது. தளபதி ஆர்தர் பெர்சிவல் போரின் பெரும்பகுதியை இங்கே கழிக்கவும் இல்லை. தீவின் நடுவே சைம் ரோட்டில் தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து இயங்கிய தலைமையகத்தில்தான் இருந்தார். ஜப்பானியர் புக்கிட் தீமாவை நெருங்கிய பிறகு, பிப்ரவரி 11ஆம் தேதி ஃபோர்ட் கேனிங்குக்கு வந்தார். அந்தக் கடைசி ஐந்து நாட்களில் முன்னணி வரிசை சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது, குன்றின் மேலேயே குண்டுகள் விழுந்தன. கோட்டைத் தலைமையகமாகக் கட்டியது களத் தலைமையகமாக மாறியது அப்போதுதான். இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.

செய்தி போன வழியில் நடங்கள்

அறைகளை அடுக்கியிருக்கும் வரிசை கட்டடத்தின் வசதிப்படி அமைந்தது. மனத்துக்குள் வேறொரு வரிசையைப் போட்டுக்கொண்டு பாருங்கள்: தொலைபேசி இணைப்பகம், சமிக்ஞைக் கட்டுப்பாட்டு அறை, குறியீட்டு அறை, வரைபட மேசைகள், ஜி எழுத்தர் அறை, கடைசியாகக் கூட்ட அறை. வெளியிலிருந்து வந்த ஒரு செய்தி ஏறத்தாழ இந்தப் படிகளில்தான் ஏறியது.

தொலைபேசி இணைப்பகத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மலாயாவில் பிரிட்டிஷ் படை தன் தொடர்புக்குப் பெரிதும் நம்பியிருந்தது தபால் துறையின் பொதுத் தொலைபேசிக் கம்பிகளை. சமாதான காலத்தில் ரப்பர்த் தோட்டத் துரைகளும் வங்கிகளும் பேசிக்கொண்ட அதே கம்பிகள்தான். கோலாலம்பூரில் இருந்த 3ஆம் இந்தியக் கோரின் தளபதி லூயிஸ் ஹீத்தோடு சிங்கப்பூரிலிருந்து பேசுவதற்கும் அதே வழிதான். கம்பியில்லாத் தொடர்பு இருந்தது. ஆனால் மழைக்காடும் ரப்பர்க் காடும் அலைகளை விழுங்கின, கருவிகளும் குறைவு. கம்பித் தொடர்பின் நன்மை, குரல் தெளிவாகக் கேட்கும், குறியீடாக்கும் வேலை குறையும். தீமை, தரைக்கு மேல் ஓடும் கம்பி ஒரே குண்டுவீச்சில் அறுந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள படைகள் முக்கியத் தடங்களில் ஒன்றுக்கு இரண்டாகக் கம்பி போடும். இரண்டையும் வெவ்வேறு பாதையில் போடும், முடிந்த இடத்தில் புதைக்கும்.

சமிக்ஞை அறையில் ஒவ்வொரு செய்தித் தாளிலும் நேரம் குறிப்பார்கள். எழுதியவர் எழுதி முடித்த நேரம், அனுப்பக் கொடுத்த நேரம், மறுமுனையில் பெற்ற நேரம் என மூன்று. தலைமையகத்தின் உடல்நிலையை அறிய இந்த மூன்று எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்தாலே போதும். ‘எதிரி பாலத்தைக் கடக்கிறான்’ என்று எழுதிய தாள் நான்கு மணி நேரம் கழித்து வந்தால், அதைப் படிக்கும் அதிகாரி நான்கு மணி நேரத்துக்கு முந்தைய உலகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். முன்னுரிமைக் குறி போடும் பழக்கமும் இங்கேதான் கெடும். பதற்றம் கூடக்கூட எல்லோரும் எல்லாச் செய்திக்கும் ‘மிக அவசரம்’ என்று போட ஆரம்பிப்பார்கள். எல்லாமே மிக அவசரமானால் வரிசை வந்த வரிசைதான், உண்மையான அவசரம் பின்னால் காத்து நிற்கும்.

குறியீட்டு அறை சிறியது, ஆனால் இங்கே நேரம் அதிகம் செலவாகும். செய்தியை எண் தொகுதிகளாக மாற்றி அனுப்ப வேண்டும், வந்த தொகுதிகளைச் சொற்களாக மாற்ற வேண்டும். ஒரு தொகுதி சிதைந்து வந்தாலும் அந்த இடத்தில் சொல் தொலைந்துபோகும். அது ஊர்ப் பெயராக இருந்தால் மீண்டும் அனுப்பும்படி கேட்பதைத் தவிர வழியில்லை. ஜாவாவில் லெம்பாங்கில் இருந்த உச்சத் தளபதி வேவலோடும் லண்டனோடும் ஃபோர்ட் கேனிங் பேசியது இப்படித்தான்.

அடுத்தவை இரண்டு வரைபட அறைகள். பீரங்கி இயக்க அறை விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கானது. கோட்டை வரைபட அறை கடற்கரைப் பீரங்கிகளுக்கானது. சுற்றுலாவில் இவற்றையும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. மேசையில் கட்டம் போட்ட வரைபடம். வரும் விமானங்களைக் கண்ட இடமும் திசையும் எண்ணிக்கையும் தொலைபேசியில் வரும். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் நீண்ட கோலால் அடையாளத் துண்டுகளை நகர்த்துவார்கள். மேலேயிருந்து பார்க்கும் அதிகாரி எந்தப் பீரங்கித் தளத்தை எழுப்புவது என்று முடிவெடுப்பார். இந்த ஏற்பாடு நன்றாக நடக்க இரண்டு தேவை: தொலைவிலேயே எதிரியைப் பார்க்கும் கண்களும், பழைய துண்டுகளை இரக்கமில்லாமல் எடுத்துவிடும் ஒழுங்கும். நேரம் கடந்த துண்டு மேசையில் கிடந்தால், வானில் இல்லாத விமானத்துக்குப் பீரங்கி காத்திருக்கும்.

மலாயா கைநழுவ நழுவ அந்தக் கண்கள் ஒவ்வொன்றாக மூடின. நீரிணைக்கு அக்கரையிலுள்ள ஜொகூர் கைவிட்டுப் போன பிறகு தெங்கா, செம்பவாங், சிலேத்தார் விமானத் தளங்கள் எதிரியின் பீரங்கி எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டன, மிஞ்சியது காலாங் மட்டும். மேசை அப்படியே இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், மேசைக்கு வரும் செய்திதான் குறைந்துகொண்டே வந்தது. அந்த அறையில் நிற்கும்போது இதைத்தான் நினைக்க வேண்டும்.

கடற்கரைப் பீரங்கிகளைப் பற்றி ஒரு பழைய கதை உலவுகிறது: சிங்கப்பூரின் பெரும் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, திருப்ப முடியாமல் தோற்றார்கள் என்று. அது சரியில்லை. தீவில் 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து இருந்தன, மூன்று சாங்கியில் ‘ஜொகூர்’ என்று பெயரிட்ட பீரங்கித் தளத்திலும் இரண்டு புவோனா விஸ்டாவிலும். நிலத்தை நோக்கித் திருப்ப முடிந்தவை ஜொகூர் பாருவையும் புக்கிட் தீமாவையும் நோக்கிச் சுட்டன. குறை வெடிகுண்டில் இருந்தது. கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுகளே பெரும்பாலும் கையிருப்பில் இருந்தன. அவை சேற்று நிலத்தில் ஆழமாகப் புதைந்து வெடிக்கும், காலாட்படைக்கு அதிகச் சேதம் வராது. கோட்டை வரைபட அறையில் நிற்கும்போது வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி என்றால் முகம் மலர்ந்து கால் மணி நேரம் பேசுவார்.

எங்கே அறுந்தது

கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட முடியாத விஷயம் இது. ஆகவே நிலவறைக்குப் போகும் முன்பே மூன்று நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. உள்ளே கிடைக்கும் பலன் பன்மடங்காகும்.

முதலாவது, போர் தொடங்கிய நாள். ஜப்பானியர் இறங்கும் முன்பே தாய்லாந்துக்குள் புகுந்து சிங்கோரா பகுதியைப் பிடித்துக்கொள்ள மெட்டடோர் என்ற திட்டம் தயாராக இருந்தது. அதைத் தொடங்கும் அதிகாரம் பெர்சிவலிடம் இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தனித் தலைமையகம் வைத்திருந்த தூரக்கிழக்குத் தளபதி ராபர்ட் புரூக்-பொஃபமிடம் இருந்தது. டிசம்பர் 6ஆம் தேதி எதிரிக் கப்பல் வரிசையை விமானம் கண்டது. முடிவு வரவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி காலை, திட்டத்தைக் கைவிட்டுத் தற்காப்புக்கு மாறலாம் என்ற ஆணை கிளம்பியபோது பெர்சிவல் சட்டமன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி, ஹீத்துக்குச் சொல்லி, ஹீத் டிவிஷனுக்குச் சொல்லி, வடக்கே மழையில் வண்டிகளோடு காத்து நின்ற 11ஆம் இந்திய டிவிஷனுக்கு ஆணை எட்டியபோது பிற்பகலாகிவிட்டது. தாய்லாந்து எல்லைக்குள் லெட்ஜ் என்ற மலைச்சரிவுப் பாதையை முதலில் பிடிக்கும் ஓட்டத்தில் ஜப்பானியர் முந்தினார்கள். தலைமையகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு படியிலும் நேரம் கசியும். கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, தரைப்படைக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று என்று வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருந்ததன் விலை இது.

இரண்டாவது, பிப்ரவரி 8 இரவு. ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். அங்கே காவல் இருந்தது ஆஸ்திரேலியாவின் 22ஆம் பிரிகேட், அதாவது ஒரு டிவிஷனின் உட்பிரிவு. பகல் முழுதும் விழுந்த குண்டுகளில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்திருந்தன. கரையில் வைத்திருந்த தேடுவிளக்குகளை ஏற்ற ஆணை போகவில்லை. உதவி கேட்டு வானில் விட்ட வெளிச்சக் குண்டுகளைப் பின்னால் இருந்த பீரங்கிக்காரர்கள் பல இடங்களில் காணவில்லை. தலைமையகத்தின் வரைபடத்தில் அந்தக் கரை இரவில் வெகுநேரம் அமைதியாகவே இருந்தது. விடிந்தபோது தெங்கா விமானத் தளத்தை நோக்கி எதிரி போய்க்கொண்டிருந்தான். செய்தி வராத பகுதியில் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது தலைமையகங்களின் தீராத வியாதி. அதற்கு மருந்து, குறித்த நேரத்தில் ‘ஒன்றுமில்லை’ என்ற செய்தியாவது வர வேண்டும் என்ற கட்டாயமும், வராவிட்டால் உடனே ஓர் அதிகாரியை மோட்டார் சைக்கிளில் அனுப்புவதும்தான்.

மூன்றாவது, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. பிப்ரவரி 9 நள்ளிரவை ஒட்டி, நிலைமை மோசமானால் நகரைச் சுற்றி எந்த வளையத்துக்குப் பின்வாங்குவது என்று பெர்சிவல் ஓர் இரகசிய முன்னேற்பாட்டு அறிவுறுத்தலை அனுப்பினார். உயர் தளபதிகள் தெரிந்துகொள்ள வேண்டிய தாள் அது. டிவிஷன் வழியாகப் பிரிகேட் மட்டத்துக்கு இறங்கியபோது 22ஆம் பிரிகேட் தளபதி டெய்லர் அதை உடனடி ஆணையாகப் புரிந்துகொண்டார். தன் ஆட்களைப் பின்னால் அனுப்பத் தொடங்கினார். கிராஞ்சிக்கும் ஜூரோங்குக்கும் இடையே இருந்த குறுகலான தற்காப்பு வரிசை, தீவின் மேற்கில் எதிரியை நிறுத்தச் சரியான ஒரே இடம், பிப்ரவரி 10ஆம் தேதி பெரிய சண்டை இல்லாமலே கலைந்தது. எதிரியால் அறுந்த கம்பியோ தொலைந்த தூதுவரோ இதற்குக் காரணம் இல்லை. ஒரு தாள் சரியாகப் போய்ச் சேர்ந்து, தவறாகப் படிக்கப்பட்டது. தூக்கம் இல்லாத ஒருவர், குண்டுச் சத்தத்துக்கு நடுவில் மங்கிய வெளிச்சத்தில் படிப்பார் என்று நினைத்து எழுத வேண்டும் என்பார்கள் தலைமையக அதிகாரிகளுக்கான பயிற்சியில். ‘இது திட்டம் மட்டும், செயல்படுத்த வேறு ஆணை வரும்’ என்பது முதல் வரியில் இருக்க வேண்டும், நான்காம் பத்தியில் இருந்து பயனில்லை. யாருக்கு அது தேவையில்லையோ அவருக்கு அந்தத் தாளே போகக் கூடாது. ஜி எழுத்தர் அறையில் நிற்கும்போது இந்தத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட அறை

இப்போது அந்த அறைக்கு வரலாம். விமான எதிர்ப்புப் படைத் தளபதியின் கூட்ட அறை இது. பிப்ரவரி 15 காலை 9.30 மணிக்குப் பெர்சிவல் தன் மூத்த தளபதிகளை இங்கே கூட்டினார். வெளியே சீனப் புத்தாண்டின் முதல் நாள். ஹீத், ஆஸ்திரேலியரின் கோர்டன் பென்னட், கோட்டைத் தளபதி கீத் சிம்மன்ஸ் ஆகியோர் இருந்தார்கள். முன்னிருந்தவை இரண்டே வழிகள்: நீர்த்தேக்கங்களையும் புக்கிட் தீமா உணவுக் கிடங்குகளையும் மீட்க உடனே எதிர்த்தாக்குதல், அல்லது சரண். எதிர்த்தாக்குதல் நடவாது என்று அனைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

உருவங்களாக வைத்துக் காட்டியிருப்பதால் அறைக்குள் நுழைந்ததும் முகங்களைப் பார்க்கவே தோன்றும். முகங்களை விட்டுவிட்டு மேசைக்கு வந்த தகவல்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை கியூ பிரிவின் தகவல்கள். தண்ணீர் முதலில். நீர்த்தேக்கங்கள் எதிரியின் கையில் இருந்தாலும் உட்லே நீரேற்று நிலையம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குண்டுவீச்சில் நகரின் குழாய்கள் நூறு இடங்களில் உடைந்து, ஏற்றும் தண்ணீரில் பெரும்பங்கு தெருவில் ஓடியது. சரிசெய்ய ஆள் போனால் மறுபடி குண்டு. சிறிய வளையத்துக்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள். பெட்ரோல் வண்டிகளின் தொட்டிகளில் இருந்ததும் இன்னும் கொஞ்சமும்தான். களப் பீரங்கிக் குண்டுகளும் விமான எதிர்ப்புக் குண்டுகளும் தீரும் நிலையில். அன்று காலைதான் வேவலிடமிருந்து, இனிப் போராட முடியாது என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளும் உரிமையைத் தரும் செய்தி வந்தது. அதுவரை வந்த ஆணைகள் எல்லாம் கடைசி ஆள்வரை போராடச் சொன்னவை. மேலிருக்கும் தலைமையகம் கட்டை அவிழ்த்த பிறகே கீழிருக்கும் தலைமையகம் முடிவெடுத்தது.

மேசைக்கு வராத தகவல் ஒன்றும் உண்டு. தாக்குகிறவரிடமும் பீரங்கிக் குண்டுகள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவின் தாக்கும் படை, உள்ளே சரணடையப் போகிறவர்களில் பாதிகூட இல்லை. ஃபோர்ட் கேனிங்கில் யாருக்கும் இது தெரியாது. எதிரியின் எண்ணிக்கையை அவர்கள் வெகுவாகக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதில் எங்களுக்கு உறுதியில்லை, ஏனென்றால் குழாயில் தண்ணீர் அப்போதும் இருந்திருக்காது.

உருவங்கள் வைத்த காட்சி 1997 முதலே இந்த இடத்தின் அடையாளம். குழந்தைகளுக்கு அது பிடிக்கும். கூட்டம் முடிந்து பேச்சு அடங்கியபின் அறையின் அளவைக் கவனியுங்கள். அத்தனை பெரிய முடிவுக்கு அத்தனை சிறிய இடம். சுவர்கள் அசல் சுவர்கள் என்பதால் அந்த நெருக்கம் நடிப்பில்லாமல் வந்து சேர்கிறது. புழுக்கத்தை மட்டும் நீங்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். இன்று பார்வையாளருக்காகக் காற்றோட்டம் செய்துவைத்திருக்கிறார்கள். அன்று காற்று வடிகட்டும் அறையிலிருந்து வந்த காற்று உள்ளே இருந்தவர்களுக்குப் போதவில்லை.

எதிரியின் தலைமையகம்

பேட்டில்பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். யமாஷிட்டா தீவைத் தாக்கும்போது தன் தலைமையகத்தை நிலத்துக்குக் கீழே வைக்கவில்லை. ஜொகூர் பாருவில் சுல்தானின் புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்தில், நீரிணைக்கு நேர் எதிரே வைத்தார். அங்கிருந்து கடக்கும் இடமும் தெங்காவும் கண்ணால் தெரிந்தன. செய்தித் தாளுக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து மிக அதிகம், ஒரு பீரங்கித் தொகுதி கோபுரத்தைக் குறிவைத்திருந்தால் முடிந்திருக்கும். பிரிட்டிஷ் தரப்பு அங்கே சுடவில்லை. படை கரையேறியதும் அவரும் நீரிணையைக் கடந்து தெங்கா பக்கம் வந்தார், பிறகு புக்கிட் தீமாவுக்கு நகர்ந்தார். படை முன்னேற முன்னேறத் தலைமையகமும் கூடவே நகர்ந்தது. மேலே சொன்ன டாக் தலைமையகத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அரண்மனை பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கும் இடமில்லை. ஆனால் அவர் நகர்ந்த வழியின் முடிவைப் பார்க்கலாம்: அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலை.

பிப்ரவரி 15 மாலை பெர்சிவல், பிரிகேடியர்கள் டோரன்ஸ், நியூபிக்கிங், மொழிபெயர்ப்பாளர் வைல்டு ஆகியோர் அங்கே போனார்கள். 6.10 மணிக்குக் கையெழுத்தானது, இரவு 8.30 மணிக்குப் போர் நின்றது. 1941இல்தான் கட்டி முடித்த கார் தொழிற்சாலை அது. இப்போது தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் காட்சியகம். கையெழுத்தான அறை இருக்கிறது. அசல் மேசை கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருப்பதால் இங்கே இருப்பது மாதிரிதான். ஆக்கிரமிப்புக் கால வாழ்க்கையைச் சொல்வதில் ஃபோர்டு தொழிற்சாலை சிறந்தது, போர் எப்படி நடத்தப்பட்டது என்று சொல்வதில் பேட்டில்பாக்ஸ் சிறந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

போகும் வழி, நேரம், சில எச்சரிக்கைகள்

முகவரி 2 காக்ஸ் டெரஸ், ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்குள். அருகில் ஃபோர்ட் கேனிங் பெருவிரைவு ரயில் நிலையம், டவுன்டவுன் பாதையில். டோபி காட் நிலையத்திலிருந்தும் நடக்கலாம். எந்தப் பக்கம் வந்தாலும் குன்றேற வேண்டும், படிகள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துவந்தால் ஏற்றம் குறைந்த பாதையையும் நிலவறைக்குள் உள்ள வசதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடிய இடம் என்றால் மூச்சுத் திணறுகிறவர்கள் யோசித்துப் போகவும். நடைவழிகள் குறுகல், சன்னல் கிடையாது.

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நேரம் மாறக்கூடியது என்பதால் கிளம்பும் நாளன்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சுவர்ப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். மேலே சொன்ன வரிசையில் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். முதல்முறை போகிறவர்கள் வழிகாட்டியோடு போகும் சுற்று இருக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டணம் இருந்தாலும் கொடுக்கலாம், ஏனென்றால் இந்த இடத்தில் கேள்வி கேட்க ஒருவர் இருப்பதன் மதிப்பு அதிகம். எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு இது சலிப்புத் தட்டும். பத்து வயதுக்கு மேல், வரலாற்றில் ஆர்வம் இருந்தால், வரைபட மேசையிடமே ஒட்டிக்கொள்வார்கள்.

கைபேசியில் மலாயாவின் வரைபடம் ஒன்றை முன்பே சேமித்து வையுங்கள். நிலத்தடியில் சிக்னலை நம்ப வேண்டாம். கோத்தா பாரு, ஜித்ரா, சிலிம் ஆறு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு என்று ஜப்பானியர் இறங்கி வந்த வழியைக் குறித்துக்கொண்டால் பலகைகளில் வரும் பெயர்கள் குழப்பாது. 70 நாட்களில் இத்தனை தூரம் வந்தார்கள்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. பெர்சிவலின் படையில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள். 9, 11ஆம் இந்திய டிவிஷன்கள் வடக்கிலிருந்து சண்டையிட்டபடியே பின்வாங்கி வந்தன. தளபதிகளின் பெயர்களே முன்னால் நிற்கும் ஓர் இடத்தில் இது எளிதில் கண்ணில் படாது. சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17இல், இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து ஃபேரர் பூங்காவில் கூட்டினார்கள். மோகன் சிங்கின் முதல் இந்திய தேசிய இராணுவம் முளைத்தது அந்தத் திடலில். பின்னர் நேதாஜியின் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். 1944 சனவரியில் நேதாஜி தன் தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு முன்னகர்த்தினார், இம்பால் போருக்காக. ஃபேரர் பூங்கா நிலையம் லிட்டில் இந்தியாவுக்கு அடுத்தது, அங்கே சாப்பிடப் போகிறவர்கள் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம்.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைத்தால், காலையில் பேட்டில்பாக்ஸ், மதியம் ஃபோர்டு தொழிற்சாலை என்று வையுங்கள், மாற்றி வைக்காதீர்கள். ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் ஏறினால் மாறாமல் ஹியூம் நிலையத்தில் இறங்கலாம். 2025இல் திறந்த நிலையம் அது. அங்கிருந்து ஃபோர்டு தொழிற்சாலை நடக்கும் தூரம்தான். ரயில் போகும் வழி பெரிதும் புக்கிட் தீமா சாலையை ஒட்டியே போகிறது, பெர்சிவலின் கார் வெள்ளைக் கொடியோடு போன அதே சாலை.